யானை, வெள்ளம், சோலார்: தோட்டத்துப் பக்கமிருந்து செய்தி எழுதுவது

மலேசியாவின் ஜொகூர் மாநிலம், குளுவாங்கிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். வயது இருபத்து நான்கு. தமிழ் இணையச் செய்தித் தளம் ஒன்றுக்குப் பகுதி நேரமாக எழுதத் தொடங்கியிருக்கிறார். அவர் கேள்வி இது: "கஹாங் பக்கம் என் மாமா வேலை செய்யும் தோட்டத்தில் போன மாதம் யானை இறங்கி இளம் செம்பனைகளை (எண்ணெய்ப் பனைகளை) சாய்த்துவிட்டது. அதே தோட்டத்தில் ஒரு பகுதியை சோலாருக்குக் கொடுக்கப் போவதாகவும் பேச்சு அடிபடுகிறது. காட்டு விலங்கு, பருவநிலை, பசுமை மின்சாரம் எல்லாம் இனி உன் பொறுப்பு என்று ஆசிரியர் சொல்லிவிட்டார். எனக்கு அறிவியல் பட்டம் இல்லை. எங்கிருந்து தொடங்குவது, அக்கா?"

தம்பி, பட்டம் இல்லையே என்ற கவலையை முதலில் இறக்கி வைத்துவிடுங்கள். இருபத்தைந்து வருடங்களுக்கு மேலாக இந்த வட்டாரத்திலிருந்து தமிழ்ப் பத்திரிகைகளுக்கு எழுதியவள் நான். எனக்கும் பட்டம் கிடையாது. தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்தவள். தோட்டத்தைப் பற்றி எனக்குத் தெரிந்ததில் பாதி அம்மா சொன்னது, மீதி பெரட்டுக் களத்தில், காலையில் ஆள் கணக்கெடுத்து வேலை பிரிக்கும் இடத்தில், நின்று காதில் வாங்கியது. உங்களுக்கு மாமா இருக்கிறார். அது பெரிய முதல்.

மூன்று துறையைத் தலையில் கட்டிவிட்டார்களே என்று நினைக்கிறீர்கள். எனக்கு அது ஒன்றாகத்தான் தெரிகிறது. யானை இறங்கியதும் வெள்ளம் ஏறுவதும் சோலார் வரப்போவதும் ஒரே நிலத்தில். அந்த நிலம் முன்பு என்னவாக இருந்தது, இப்போது என்ன செய்தார்கள், முடிவெடுத்தது யார், அடுத்து என்ன ஆகப் போகிறது? இதை விடாமல் கேட்டுக்கொண்டே போங்கள். யானையைத் தேடிப் போனவருக்கு வேலி கிடைக்கும், வேலியைத் தேடிப் போனவருக்கு மறுநடவு கிடைக்கும், அங்கிருந்து கூலியும் வீடும் ஆற்று வெள்ளமும் வரும்.

நம் ஊரிலேயே இதற்கு ஒரு பழைய கதை உண்டு. 1970களில் என் அம்மாவுக்குச் செம்பனையில் பூவுக்கு மாவு ஊதுகிற வேலை. ஆண் பூவின் மகரந்தத்தை டால்க் மாவோடு கலந்து, ரப்பர் குமிழ் வைத்த புட்டியில் அடைத்து, ஒவ்வொரு மரமாகப் போய்ப் பெண் பூங்குலையில் ஊத வேண்டும். முள் கிழித்த கையோடுதான் அம்மா வீட்டுக்கு வருவார். பள்ளி விடுமுறையில் நானும் பின்னால் போயிருக்கிறேன். செம்பனைக்குக் காற்றுதான் மகரந்தம் சேர்க்கிறது என்று அப்போது நம்பினார்கள். மலாயாவில் காற்று போதவில்லை, அதனால் ஆள் வைத்து ஊதினார்கள். யூனிலீவர் தோட்டங்களில் பொறுப்பில் இருந்த லெஸ்லி டேவிட்சன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் ஆப்பிரிக்காவில், கமரூனில், வேலை பார்த்தவர். அங்கே யாரும் மாவு ஊதாமலே குலை நன்றாகப் பிடிப்பதைக் கண்டவர். பூச்சியாக இருக்குமோ என்று அவருக்குச் சந்தேகம். பாகிஸ்தானியப் பூச்சியியல் அறிஞர் ஆர். ஏ. சையத் கமரூனுக்குப் போய் ஆராய்ந்து, ஒரு சின்னக் கூன்வண்டுதான் அந்த வேலையைச் செய்கிறது என்று கண்டுபிடித்தார். வேறு பயிருக்குத் தீங்கு செய்யாது என்று சோதித்த பிறகு, 1981 பிப்ரவரியில் அந்த வண்டை முதன்முதலாகத் திறந்துவிட்ட இடம் இதே குளுவாங் வட்டாரத்துப் பாமோல் தோட்டம். கொஞ்ச காலத்தில் நாடு முழுவதும் பரவிவிட்டது. குலை நிறையக் காய் பிடித்தது. மாவு ஊதும் வேலை அப்படியே நின்றுபோனது. அம்மாவைக் களை எடுக்க மாற்றினார்கள்.

அந்த வண்டைப் பற்றி எழுதியவர்கள் மகசூலைப் பற்றி எழுதினார்கள், மிச்சமான செலவைப் பற்றி எழுதினார்கள். மாவு ஊதிய பெண்கள் என்ன ஆனார்கள் என்று எழுதியதை நான் பார்த்ததில்லை. சோலார் வரும்போதும் இதே மாதிரி ஒரு பக்கம் விட்டுப்போகக் கூடாது என்பதற்காகத்தான் சொல்கிறேன்.

சரி, யானைக்கு வருவோம். இதில் நான் செய்த தவறையே முதலில் சொல்லிவிடுகிறேன்.

பல வருடங்களுக்கு முன் ஒரு தோட்டத்தில் யானைக் கூட்டம் இறங்கியது. காலையில் போய்ச் சாய்ந்து கிடந்த கன்றுகளைப் படம் எடுத்தேன். நிர்வாகி சொன்ன நட்டக் கணக்கை எழுதினேன். "காட்டு யானைகள் அட்டகாசம்" என்று தலைப்பும் நானே கொடுத்தேன். மறுவாரம் சந்தையில் ஒரு பழைய மண்டோர் (வேலை மேற்பார்வையாளர்) என்னை நிறுத்தி, "ஏம்மா, மின்வேலி நாலு மாசமா ஓடலையே, அத எழுதலையா?" என்று கேட்டார். வேலிக்கு மின்சாரம் கொடுக்கும் பாட்டரி திருடு போயிருக்கிறது. புதிது வாங்கவில்லை. புல்லும் கொடியும் வளர்ந்து கம்பியைத் தொட்டுக்கொண்டு கிடந்திருக்கின்றன. செடி தொட்டால் மின்சாரம் மண்ணில் இறங்கிவிடும், வேலி வெறும் கம்பிதான். யானை தும்பிக்கையாலோ கட்டையாலோ சோதித்துப் பார்க்கும். ஓடாத வேலியை ஒரே இரவில் கண்டுகொள்ளும். நான் எழுதியதில் பொய் ஏதும் இல்லை. ஆனாலும் அதைப் படித்தவர்களுக்கு யானை மேல் மட்டும்தான் கோபம் வந்திருக்கும். அது இன்றைக்கும் என்னை உறுத்துகிறது.

யானை ஏன் அங்கே வந்தது என்பதற்குப் பதில் பெரும்பாலும் மறுநடவுக் கணக்கில் இருக்கிறது. செம்பனை இருபத்தைந்து வருடம் போல நின்ற பிறகு மரம் உயர்ந்துவிடும், வெட்டுவது கடினம், மகசூலும் குறையும். அப்போது முழுப் பகுதியையும் சாய்த்துப் புதுக் கன்று நடுவார்கள். ஐந்து வயதுக்குள் இருக்கும் கன்றின் குருத்து யானைக்கு இனிப்புப் பலகாரம் மாதிரி. முதிர்ந்த மரத்தில் அதற்கு எட்டுவது குறைவு. ஆகவே பத்து வருடம் வராத யானை திடீரென்று வந்தால், காட்டில் என்ன நடந்தது என்று கேட்பதோடு, தோட்டத்தில் எந்த நிரைகள் எப்போது மறுநடவு ஆயின என்றும் கேளுங்கள்.

"காட்டை விட்டு வெளியேறிய யானை" என்ற சொற்றொடரை நம் பத்திரிகைகள் விடாமல் பயன்படுத்துகின்றன. அதைக் கைவிடச் சொல்வேன். தீபகற்பத்திலும் போர்னியோவிலும் 102 யானைகளுக்குக் கழுத்துப்பட்டை மாட்டி, செயற்கைக்கோள் வழியாக அவற்றின் நடமாட்டத்தைப் பின்தொடர்ந்த ஆய்வு ஒன்று 2022இல் வெளியானது. நாட்டிங்ஹாம் பல்கலைக்கழகத்தின் மலேசிய வளாகத்தில் தொடங்கிய மீம் என்ற யானை ஆய்வுத் திட்டத்தின் வேலை அது. அந்த யானைகள் தங்கள் நேரத்தில் பாதிக்கு மேல் பாதுகாக்கப்பட்ட வனங்களுக்கு வெளியேதான் கழித்தன. அடர்ந்த மலைக்காட்டைவிட, மரம் வெட்டி மீண்டும் துளிர்க்கும் இடமும் காட்டோரமும் அவற்றுக்குப் பிடித்திருக்கின்றன. புல், மூங்கில், வாழை, குருத்து எல்லாம் கிடைப்பது அங்கேதான். எண்டாவ் ரொம்பின் தேசியப் பூங்காவுக்குக் கஹாங் வழியாகத்தான் போகிறோம். அந்தப் பூங்காவின் எல்லைக் கல் நமக்குத் தெரியும், யானைக்குத் தெரியாது. அதன் வீடு பூங்காவும் தோட்டமும் சேர்ந்தது.

யானையைப் பிடித்துக் கொண்டுபோய் வேறு காட்டில் விட்டால் தீர்ந்தது என்று தோட்டத்தில் எல்லாரும் சொல்வார்கள். பெர்ஹிலித்தான், அதாவது வனவிலங்குத் துறை, 1974 முதல் அதைச் செய்து வருகிறது. நூற்றுக்கணக்கான யானைகளை இடம் மாற்றியிருக்கிறார்கள். அதற்கென்றே பகாங்கின் கோலா காண்டாவில் 1989இல் யானை மையம் தொடங்கினார்கள். பழக்கிய யானைகளை இரண்டு பக்கமும் நிறுத்தி, காட்டு யானையை நடுவில் நடத்திக்கொண்டு வரும் அந்த ஆட்களின் துணிச்சலை நேரில் பார்த்தவள் நான். மதிப்போடுதான் சொல்கிறேன். ஆனால் கேட்க வேண்டிய கேள்வி வேறு. கொண்டுபோய் விட்ட யானை ஒரு வருடம் கழித்து எங்கே இருக்கிறது? இலங்கையில் இப்படி இடம் மாற்றிய யானைகளைப் பின்தொடர்ந்து 2012இல் ஓர் ஆய்வு வந்தது. சில யானைகள் பழைய இடத்துக்கே திரும்பியிருந்தன. சில பூங்காவை விட்டு வெளியேறி வேறு ஊரில் புதிதாகத் தொல்லை கொடுத்தன. தீபகற்பத்தில் மொத்தமே ஏறக்குறைய 1,200 முதல் 1,700 யானைகள் இருக்கலாம் என்பது பழைய மதிப்பீடு. அவ்வளவு சின்னக் கூட்டத்தில் ஒவ்வொன்றும் எங்கே போகிறது என்பது முக்கியமான செய்தி.

கேள்வி கேட்கப் போனால் உங்களை அலைக்கழிப்பார்கள். அதற்குக் காரணம் அதிகாரிகளின் குணம் மட்டும் இல்லை, சட்டமே அப்படி. கூட்டரசு அரசியலமைப்பின் ஒன்பதாவது அட்டவணையை ஒருமுறை உட்கார்ந்து படித்துவிடுங்கள். நிலமும் காடும் மாநிலத்தின் கையில். காட்டு விலங்குப் பாதுகாப்பு இரண்டு அரசுக்கும் பொதுவான பட்டியலில். மின்சாரம் கூட்டரசின் கையில். யானையைப் பற்றி பெர்ஹிலித்தானிடம் கேட்டால் "காடு எங்களுடையது இல்லை" என்பார்கள், வனத்துறையிடம் கேட்டால் "யானை எங்களுடையது இல்லை" என்பார்கள், சோலாரைப் பற்றி நில அலுவலகத்தில் கேட்டால் எரிசக்தி ஆணையத்தைக் காட்டுவார்கள். மூவர் சொல்வதும் உண்மைதான். அந்த மூன்று பதிலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுதினாலே வாசகருக்குப் பாதி விளங்கிவிடும். பெரிய திட்டம் என்றால் சுற்றுச்சூழல் பாதிப்பு மதிப்பீட்டு அறிக்கை இருக்கும். சிலவகைத் திட்டங்களுக்கு அதைப் பொதுமக்கள் பார்வைக்கு வைப்பார்கள். நூற்றுக்கணக்கான பக்கம், மலாயிலும் ஆங்கிலத்திலும் இருக்கும். வரைபடப் பக்கத்தையும், உள்ளூர் மக்களைச் சந்தித்ததாகச் சொல்லும் பக்கத்தையும் முதலில் பாருங்கள். யாரைச் சந்தித்தார்கள் என்று பார்த்துவிட்டு, அதே ஆட்களைப் போய்ச் சந்தியுங்கள்.

அப்புறம் வெயில். இதைத்தான் நாம் மிகக் குறைவாக எழுதியிருக்கிறோம்.

நாட்டில் இதுவரை பதிவான மிக அதிக வெப்பம் 1998 ஏப்ரலில் பெர்லிஸ் மாநிலம் சூப்பிங்கில், 40.1 பாகை. வானிலைத் துறையின் கணக்குப்படி மூன்று நாள் தொடர்ந்து 35 முதல் 37 பாகை வரை போனால் எச்சரிக்கை, 37க்கு மேல் போனால் வெப்ப அலை, 40க்கு மேல் என்றால் கடும் வெப்ப அலை. அறிவிப்பு வந்ததும் பள்ளியில் திடல் விளையாட்டை நிறுத்துகிறார்கள், நாமும் அதை எழுதுகிறோம். குலை வெட்டுகிறவருக்கு யார் நிறுத்துவது? அவர் கூலி எடைக் கணக்கில் போனால், நிழலில் உட்கார்ந்த ஒவ்வொரு நிமிடமும் அவர் பையிலிருந்து போகிறது. இன்றைக்கு வெட்டுகிறவர்களில் நம் ஆட்கள் குறைவு. பெரும்பாலும் இந்தோனேசியர், வங்காளதேசத்தவர், நேபாளியர். தமிழ்ச் செய்தியில் அவர்கள் வரக்கூடாது என்று எந்த விதியும் இல்லை. நம் பாட்டன் வந்த கப்பலின் கதைதான் அவர்கள் வந்த விமானத்தின் கதையும். மலாய் பேசத் தெரிந்தால் போதும், பேசுவார்கள். பெயர் போடாமல் எழுதுங்கள், அவர்களுடைய வேலை அனுமதி முதலாளியின் கையில் இருக்கிறது.

வறட்சியைப் பற்றி எழுதும்போது இன்னொன்று. செம்பனை உடனே அழுவதில்லை. பூ ஆணா பெண்ணா என்பது அது வெளியே தெரிவதற்கு வெகு முன்பே, குலை பழுப்பதற்கு ஏறக்குறைய இரண்டு வருடம் முன்பே, முடிவாகிவிடும். அந்த நேரத்தில் தண்ணீர் பற்றாக்குறை வந்தால் மரம் ஆண் பூவாகத் தள்ளும். அதில் குலை இல்லை. 2015-16 எல் நினோ வறட்சியின் அடியும் தாமதமாகத்தான் விழுந்தது. 2015இல் ஏறக்குறைய 19.96 மில்லியன் டன்னாக இருந்த நாட்டின் கச்சாப் பனை எண்ணெய் உற்பத்தி 2016இல் 17.32 மில்லியன் டன்னாக இறங்கியது. வெயில் அடித்த மாதத்தில் ஒரு செய்தி எழுதினால், ஒன்றரை வருடம் கழித்து நாட்காட்டியில் குறித்து வைத்து அதே தோட்டத்துக்கு மறுபடி போங்கள். பெரட்டில் ஆள் குறைந்திருக்கும், மிகைநேர வேலை போயிருக்கும். அந்த இரண்டையும் இணைத்து எழுத வேறு யாரும் வரமாட்டார்கள்.

வெள்ளத்தில் அவசரப்படாதீர்கள். 2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலும் ஜொகூரில் வந்த வெள்ளத்தை என் வயதுக்காரர்கள் யாரும் மறக்கமாட்டார்கள். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் வீட்டை விட்டு வெளியேறினார்கள். 2023 மார்ச்சில் மறுபடி பத்து பகாட், யோங் பெங், சிகாமட், குளுவாங் எல்லாம் முங்கி, 40,000க்கும் மேற்பட்டோர் நிவாரண மையங்களில் இருந்தார்கள். "பருவநிலை மாற்றத்தால் வெள்ளம்" என்று ஒரே வரியில் எழுதினால் யாருக்கும் பொறுப்பில்லாமல் போய்விடும். காற்று ஒரு பாகை சூடேறினால் ஏழு விழுக்காடு போல அதிக ஈரத்தைத் தாங்கும், அதனால் பெய்யும்போது கொட்டித் தீர்க்கும். இது இயற்பியல், தைரியமாக எழுதலாம். கொட்டிய தண்ணீர் எங்கே போனது என்பது ஊர்க் கேள்வி. மெங்கிபோல் ஆற்றங்கரையில் நின்று பாருங்கள். மேலே எந்த மேடு வெட்டப்பட்டது, எந்த சதுப்பு நிரப்பப்பட்டது, எந்த வடிகால் மண் தூர்ந்து கிடக்கிறது? மழையைக் கொண்டுவந்ததில் உலகத்துக்கே பங்கு உண்டு. அதைப் படுக்கையறைக்குள் கொண்டுவந்ததில் உள்ளூர் முடிவுகளுக்கும் பங்கு உண்டு. இரண்டையும் ஒரே கட்டுரையில் வையுங்கள்.

இனி சோலார். இங்கே வேண்டியது பள்ளிக் கணக்குதான், ஆனால் கவனமாகப் போட வேண்டும். நம் செய்திகளில் அதிகம் பிசகுவது இங்கேதான்.

2023இல் அரசாங்கம் வெளியிட்ட தேசிய எரிசக்தி மாற்றத் திட்டத்தில், 2050க்குள் புதுப்பிக்கத்தக்க மின்சாரம் 70 விழுக்காடு என்று இலக்கு வைத்திருக்கிறார்கள். அந்த 70 விழுக்காடு நிறுவுதிறன். அதாவது எல்லா நிலையங்களும் முழு மூச்சில் ஓடினால் எவ்வளவு தரும் என்ற கணக்கில் 70. நம் வீட்டு விளக்கில் எரியும் மின்சாரத்தில் 70 என்று எழுதினால் தப்பு. நிலக்கரி நிலையம் இரவு பகல் ஓடும். சோலார் வெயிலில்தான் ஓடும். நம் நாட்டு மேகத்துக்கு ஒரு நாளில் முழு வெயில் ஏறக்குறைய நான்கு மணி நேரம் என்று கணக்கு வைக்கலாம். 50 மெகாவாட் சோலார் பண்ணை என்றால் ஒரு நாளைக்கு 200 மெகாவாட் மணி, அதாவது இரண்டு லட்சம் யூனிட். மாதம் 350 யூனிட் ஓடும் வீடு என்று வைத்தால் சுமார் 17,000 வீட்டுக்கு ஈடு. நல்ல எண்ணிக்கைதான். ஆனால் சாயங்காலம் ஏழு மணிக்கு எல்லாரும் விசிறியும் குளிர்சாதனமும் போடும்போது அந்தப் பண்ணை தூங்கிவிடும். பாட்டரி வைக்கிறார்களா என்று தவறாமல் கேளுங்கள்.

ஒப்பிட ஒன்று: பொந்தியான் பக்கம் தஞ்சோங் பின்னில் இருக்கும் நிலக்கரி நிலையங்கள் சேர்த்து 3,100 மெகாவாட். 2044க்குள் நிலக்கரியைக் கைவிடுவதாக அரசாங்கம் சொல்லியிருக்கிறது. அதே நேரம் கூலாய், செடெனாக் பக்கம் தரவு மையங்கள் வரிசையாக எழும்பி மின்சாரம் கேட்கின்றன. நம் தோட்டத்தில் வரும் சோலார் நிலக்கரியைக் குறைக்கப் போகிறதா, புதிதாக வரும் தேவையை நிரப்பத்தான் போகிறதா? எனக்கு சோலார் வரவேண்டும். அதனால்தான் இந்தக் கேள்வியைக் கேட்கிறேன்.

நிலத்துக்கு வாருங்கள். ஒரு மெகாவாட்டுக்கு நான்கு ஏக்கர் போல வேண்டும். 50 மெகாவாட் என்றால் 200 ஏக்கர். காட்டை வெட்டி சோலார் போடுவதைவிடப் பழைய தோட்டத்தில் போடுவது எவ்வளவோ மேல், அதில் எனக்கு இரண்டு கருத்து இல்லை. ஆனால் அந்த 200 ஏக்கரில் வேலை செய்தவர்கள் எத்தனை பேர், அங்கே லயம் இருக்கிறதா, கோயில் இருக்கிறதா, சுடுகாடு இருக்கிறதா, தமிழ்ப்பள்ளிக்குப் போகும் பாதை எது? கட்டும் ஒரு வருடம் நிறையப் பேர் வேலை செய்வார்கள். கட்டி முடித்த பிறகு புல் வெட்ட, தகடு கழுவ, காவல் காக்கக் கொஞ்சம் பேர் போதும். "நூற்றுக்கணக்கானோருக்கு வேலை" என்று அறிக்கை வந்தால் எத்தனை மாதத்துக்கு என்று கேளுங்கள். இன்னொன்றும் உண்டு. சோலார் பண்ணையைச் சுற்றி உயர வேலி போடுவார்கள். உங்கள் மாமா தோட்டத்தில் யானை நடக்கும் தடத்தில் அந்த வேலி விழுந்தால், யானை பக்கத்துச் சிறுதோட்டக்காரர் நிலத்துக்குத் திரும்பும். உங்கள் ஆசிரியர் கொடுத்த மூன்று துறையும் அந்த ஒரே வேலியில் வந்து முட்டும் இடம் அது.

பசுமை மின்சாரம் என்றால் நீலத் தகடு மட்டும் என்று நினைத்துவிடாதீர்கள். ஆலைக் குளத்து நாற்றம் தெரியாத தோட்டத்துப் பிள்ளை உண்டா? ஒரு டன் குலையைப் பிழிந்தால் முக்கால் கன மீட்டருக்குக் கொஞ்சம் குறைவாகக் கழிவுநீர் வரும். அது திறந்த குளத்தில் புளிக்கும்போது மீத்தேன் கிளம்புகிறது. நூறாண்டுக் கணக்கில் கரியமில வாயுவைவிட 28 மடங்கு சூடேற்றும் வாயு அது. குளத்தை மூடிப் பிடித்தால் ஒரு கன மீட்டர் கழிவுநீரில் 28 கன மீட்டர் போல உயிர்வாயு கிடைக்கும், அதில் மின்சாரம் எடுக்கலாம். 2014 முதல் புதிய ஆலைகளுக்கு வாயுவைப் பிடிப்பது கட்டாயம். நாட்டில் 450 ஆலை போல இருக்கின்றன, பல அதற்கு முன்பே கட்டியவை. உங்கள் வட்டாரத்து ஆலைக் குளம் மூடியிருக்கிறதா என்பதைச் சாலையிலிருந்தே பார்த்துவிடலாம்.

படம் எடுப்பதைப் பற்றி. காட்டு விலங்கின் படத்தை இருந்த இடத்தோடு போடாதீர்கள். கைப்பேசிப் படத்துக்குள் இடத்தின் குறியீடு ஒளிந்திருக்கும், அதை அழித்துவிட்டு அனுப்புங்கள். 2016 முதல் 2020 வரை நடந்த தேசியப் புலிக் கணக்கெடுப்பில் காட்டில் 150 புலிக்கும் குறைவாகவே இருக்கும் என்று தெரியவந்தது. கண்ணி வைக்கிறவனுக்கு உங்கள் படம் வரைபடம் ஆகிவிடக் கூடாது. சுமத்ரா காண்டாமிருகம் இந்த நாட்டில் முடிந்துவிட்டது. கடைசியாக இருந்த இமான் 2019 நவம்பரில் சபாவில் இறந்தபோது நான் எழுதிய நாலு பத்திச் செய்தியை ஆசிரியர் ஒரு பத்தியாக்கினார். இன்றைக்கு என்றால் சண்டை போட்டிருப்பேன்.

2025 மே மாதம் அன்னையர் தினத்தன்று கிரிக்–ஜெலி நெடுஞ்சாலையில் குட்டி யானை லோரியில் அடிபட்டு இறந்தது, தாய் தலையால் லோரியை முட்டிக்கொண்டு நின்றது. அந்தக் காணொளியை நீங்களும் பார்த்திருப்பீர்கள். நாடே அழுதது. அழட்டும், அதில் தவறில்லை. ஆனால் அந்தச் சாலையில் லோரிகள் எந்த வேகத்தில் போகின்றன, யானை கடக்கும் இடங்கள் எவை, எத்தனை இடத்தில் கீழ்ப்பாலம் இருக்கிறது என்று எழுதுகிறவருக்கு அந்தக் கண்ணீர் இருக்கும்போதே வாசகர் கிடைப்பார். ஒரு வாரம் தாமதித்தால் வேறு காணொளி வந்துவிடும்.

கடைசியாக நம் ஊர்ப் பெயரைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். குளுவாங் என்ற பெயர் பழந்தின்னி வௌவாலின் மலாய்ப் பெயரிலிருந்து வந்தது. ஒரு காலத்தில் இங்கே கூட்டம் கூட்டமாக இருந்தனவாம். தியோமான் தீவில் கேமரா வைத்துப் பார்த்த ஆய்வு 2017இல் வந்தது. தீவின் பழந்தின்னி வௌவால்கள் டுரியான் பூவைச் சிதைக்காமல் தேன் குடித்து மகரந்தம் சேர்ப்பதைப் படம் பிடித்திருந்தார்கள். அதே வௌவால் இனத்தில்தான் நிப்பா வைரஸும் இருக்கிறது. 1998-99இல் பேராக்கிலும் நெகிரி செம்பிலானிலும் நூற்றுக்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள், பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பன்றிகளைக் கொன்றார்கள். முதலில் அதை ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்று நினைத்துக் கொசுவுக்குப் புகை அடித்தார்கள். வௌவாலிடமிருந்து பன்றிக்கு வந்த வழி பின்னால்தான் தெரிந்தது. பன்றிக் கொட்டகைக்கு மேலேயே பழமரம் வைத்திருந்தார்கள், வௌவால் கடித்த பழம் கீழே விழுந்தது. மரத்தை எங்கே வைத்தார்கள் என்பதும் நிலத்துக் கேள்விதான். விலங்கால் நோய் என்று செய்தி வந்தால், "வௌவாலைக் கொல்லுங்கள்" என்று யாராவது சொல்வதை அப்படியே போட்டுவிடாமல் அந்த இடத்தின் அமைப்பைப் போய்ப் பாருங்கள்.

இப்போது உங்கள் முதல் கட்டுரை. மாமாவிடம் தொலைபேசியில் கேட்காதீர்கள். பெரட்டு முடிந்து ஆட்கள் நிரைக்குக் கிளம்பும் நேரத்தில் மோட்டாரில் போய் நில்லுங்கள். யானை இறங்கிய பகுதியில் மறுநடவு எந்த மாதம் முடிந்தது, வேலி கடைசியாக ஓடியது எப்போது, வேலிப் புல்லை வெட்டுவது யார் பொறுப்பு, சோலாருக்கு அளந்தவர்கள் எந்தப் பக்கம் முளை அடித்தார்கள், யானை வந்த தடம் அந்த முளைகளுக்கு எந்தப் பக்கம் என்று கேளுங்கள். ஒரு தாளில் அவரையே வரைந்து காட்டச் சொல்லுங்கள். அந்தத் தாளோடு நில அலுவலகத்துக்கும் பெர்ஹிலித்தானுக்கும் போங்கள். எழுதியதும் எனக்கு ஒரு பிரதி அனுப்புங்கள், கணக்குகளை நான் சரிபார்த்துத் தருகிறேன்.